யாரு வரல?

அவர் கண் முதலில் போவது வாசலில் கிடக்கும் செருப்புகள் மேல்தான். நாங்கள் வணக்கம் சொல்லி, நாற்காலியைத் துடைத்துப் போட்டு, கையில் டீ டம்ளருடன் நின்றுகொண்டிருப்போம். அவரோ மடக்கிய குடையை ஊன்றிக் குனிந்து, எது புழுதியோடு கிடக்கிறது, எது பக்கத்து வீட்டிலிருந்து இப்போதுதான் வந்து விழுந்தது, எந்தச் சின்னச் செருப்பு ஜோடியில்லாமல் கிடக்கிறது என்று பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு நிமிர்ந்து, "ஆய்த்து. யாரு வரல?" என்பார்.

வந்தவர்களைப் பற்றி அவர் கேட்டு நான் பார்த்ததில்லை.

பங்காருபேட்டையிலிருந்து வருவார். தமிழும் தெலுங்கும் கன்னடமும் அவர் வாயில் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளாமல் வரும். வயது என்னைவிடப் பத்துக் கூட இருந்திருக்கலாம். பெயரைச் சொன்னார்தான். ஆனால் எங்களுக்கு மார்க் போட வந்தவர் என்பதால் லைனில் எல்லோருக்கும் அவர் மார்க் மேடம் ஆகிவிட்டார். அதற்குப் பிறகு சொந்தப் பெயர் அவருக்கு எங்களிடம் தேவைப்படவில்லை.

எங்கள் லைன், அந்தக் காலத்தில் தங்கச் சுரங்கத் தொழிலாளிகளுக்குக் கட்டிய வரிசை வீடுகள், பாலகாட் பக்கம். சுரங்கம் மூடிய பிறகு, வேலைக்குப் போகிற வயதில் இருப்பவர்களில் பாதிப் பேர் விடிவதற்குள் ரயிலேறிப் பெங்களூருக்குப் போய், இருட்டிய பிறகு திரும்புகிறவர்கள். பள்ளி விட்டு வரும் பிள்ளைகளுக்குப் பூட்டிய கதவுதான் காத்திருக்கும். அப்போது ஒரு அறக்கட்டளை குடும்பத் துணைத் திட்டம் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. லைன் கோடியில் சும்மா கிடந்த பழைய வாசகசாலையில் மாலை நேர சென்டர், அதற்கு ஒரு ஆயா, சுண்டல், பாடம். மாதம் ஒரு பெற்றோர் கூட்டம். கைக்குழந்தை உள்ள வீடுகளுக்குப் போய் விசாரிப்பது. செலவு அவர்களுடையது, நடத்துவது லைன் கமிட்டி. எந்த லைன் எவ்வளவு ஒழுங்காக நடத்துகிறது என்று அளந்து, அந்த மார்க்கை வைத்துத்தான் அடுத்த வருஷம் தொடர்வதா நிறுத்துவதா என்று முடிவு செய்வார்கள். அளப்பது மேடம்.

கமிட்டிக்குச் செக்ரட்டரி நான். தேர்தல் எதுவும் நடக்கவில்லை. "படிச்சிக்கினு கீறான், இவனே எழுதட்டும்" என்றார்கள், முடிந்தது. எங்கள் வீட்டில் படிப்பை முடித்த முதல் ஆள் நான். அது எப்படி முடிந்தது என்றால், நான் கைக்குழந்தையாக இருந்தபோது அம்மா வேலைக்குப் போக, என்னைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று அக்காவைப் பள்ளியிலிருந்து நிறுத்தினார்கள். அந்த அக்கா இப்போது பெங்களூரில் ஒரு ஆஸ்பத்திரியில் வார்டு வேலை பார்க்கிறாள். மாமா ஓசூரில் கட்டட வேலை, சனிக்கிழமைதான் வருவார். அவர்கள் பையன் சென்டரில்தான் வளர்கிறான். நானும் ஆண்டர்சன்பேட்டை பஜாரில் ஜெராக்ஸ் கடையை மூடிவிட்டு வர ராத்திரியாகிவிடும்.

கமிட்டி ஆரம்பித்த அன்றே அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். "தம்பி, சென்டர் நின்னுச்சின்னா நானும் நின்னுடணும். ஒரு வாட்டி உன்னால நின்னேன். இன்னொரு வாட்டி நிக்க என்னால ஆவாது, சொல்லிட்டேன்."

அதனால் மேடம் முதல்முறை வந்தபோது நான் அப்படித்தான் நின்றேன், பரீட்சைக்குப் போனவன் மாதிரி.

ஞாயிற்றுக்கிழமை காலைப் பெற்றோர் கூட்டம். எல்லோருக்கும் லீவு என்று நாங்கள் யோசித்து வைத்த நாள். வாசகசாலை நிரம்பி ஜன்னலோரம் ஆட்கள் நின்றார்கள். நான் தொண்டையைச் சரிசெய்துகொண்டு வருகையைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"யாரு வரல?"

"அல்மோஸ்ட் எல்லாரும் வந்துட்டாங்க மேடம்."

"சரி, அந்த அல்மோஸ்டுக்கு வெளிய யாரு?"

நடு வரிசையில் ஒட்டினாற்போல் இருந்த நாலு வீடுகளைச் சொன்னேன். தொடர்ந்து வருவதில்லை, ஆர்வம் இல்லை என்று ரிப்போர்ட்டில் எழுதியிருப்பதாகவும் சொன்னேன். அவர் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். கூட்டம் அப்படியே உட்கார்ந்திருந்தது. அந்த நாலு வீடும் பூட்டியிருந்தது. அவர் பூட்டைப் பார்த்தார், வாசல் நிலைக்கு மேலே ஒட்டியிருந்த சிலுவையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"தம்பி, இன்னிக்கி என்ன கிழமை?"

பிறந்ததிலிருந்து அவர்கள் கேக் கொடுத்து நாங்கள் முறுக்கு கொடுத்து வளர்ந்த வீடுகள். ஞாயிறு காலை அவர்கள் எங்கே இருப்பார்கள் என்பது லைனில் நாய்க்கும் தெரியும். கூட்டத்துக்கு நாள் குறிக்கும்போது மட்டும் எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

"ஆர்வம் இல்லைன்னு அவங்க சொன்னாங்களா?"

"இல்ல மேடம்."

"ஆராதனை இருக்குதுன்னு சொன்னாங்களா?"

"சொன்னாங்க மேடம்."

"ஹௌதா, அப்படியா? ஆய்த்து," என்று டேப்லெட்டில் எதையோ குத்தினார்.

திரும்பி வந்து கூட்டத்தில் அவர் இதைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை. அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது. திட்டினால் பதில் சொல்லலாம். அவர் கூட்டத்தை ஞாயிறு சாயங்காலத்துக்கு மாற்றலாமா என்று மட்டும் கேட்டார். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த பென்ஷன் தாத்தா வாய்விட்டுச் சிரித்தார். அந்தக் காலத்தில் சுரங்க ஷாஃப்டில் இறங்கி வேலை பார்த்தவர்களில் எங்கள் லைனில் மிச்சமிருப்பவர் அவர்.

"இன்னாம்மா, நீ எங்க டைம்கீப்பர் மாதிரியே கேக்குற?"

"எப்படி தாத்தா?"

"கீழ எறங்கச் சொல்ல ஆளுக்கொரு பித்தளை டோக்கன் எடுத்துக்கினு போவோம். மேல வந்தா பலகையில மாட்டணும். ஷிப்ட் முடிஞ்சி ஆள ஏத்துற கேஜ் மேல வந்தா நாங்க திருவிழா கூட்டம் மாதிரி நிப்போம், அந்தாளு எங்க மூஞ்சியக் கூடப் பாக்கமாட்டான். பலகையில எந்த ஆணி காலியா கீதுன்னு பாப்பான். எவன் இன்னும் மேல வரலன்னு."

மேடம் அன்றைக்குத்தான் டீயை முழுதாகக் குடித்தார். அதற்கப்புறம் எப்போது வந்தாலும் பாதி டம்ளரில் மறந்துவிடுவார்.

எல்லோருக்கும் அவரைப் பிடித்துவிட்டது என்று சொல்லமாட்டேன். வராத வீடுகளைத் தேடிப் போகிற ஆளைப் பார்த்தால் வராத வீடுகளுக்கு எப்படிப் பிடிக்கும்? பிரசவத்துக்கு வந்திருந்த மகளைக் கூட்டத்துக்கு அனுப்பாத ஒரு அம்மா, "எங்க வூட்டு விசயம் உனுக்கு இன்னாத்துக்கு?" என்று வாசலிலேயே கேட்டாள். மேடம் படியில் உட்கார்ந்தார். அந்த அம்மா ஆய்ந்துகொண்டிருந்த முருங்கைக்கீரையில் ஒரு கொத்தை எடுத்துத் தானும் ஆய ஆரம்பித்தார். முறம் நிறைகிறவரை பேச்சு, தங்கம் பிரித்த கழிவு மண் குவிந்த சயனைடு மேட்டிலிருந்து பறந்து வரும் புழுதியைப் பற்றித்தான் ஓடியது. கீரை தீர்ந்தபோது அந்த மகள் தானாகக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள், பால் சரியாகச் சுரக்கவில்லை என்றாள்.

பாசம் ஒரு பக்கம் இருக்க, எனக்கு மார்க் வேண்டும். வருஷக் கடைசியில் பெரிய மதிப்பீடு. மேடம் தேதியை முன்னாலேயே சொல்லியிருந்தார். செய்தி தெரிந்ததும் லைனுக்குப் பழைய ரத்தம் ஏறிவிட்டது. சுரங்கத்தில் இன்ஸ்பெக்ஷன் என்றால் எப்படி இருக்கும் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். வாசகசாலைக்கு வெள்ளை அடித்தோம். படிக்குச் செம்மண் பூசினோம். எல்லாவற்றுக்கும் மேலாக, சென்டர் பிள்ளைகளின் பெற்றோர் அத்தனை பேரும் அன்றைக்கு வேலைக்கு லீவு போட்டுவிட்டார்கள். யார் முதலில் சொன்னது என்று தெரியாது. நான் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. எல்லோரும் இருந்தால் நல்ல மார்க் என்றுதான் எனக்கும் பட்டது.

சாயங்காலம் மேடம் வந்தார். குனிந்து செருப்புகளைப் பார்த்தார். அன்றைக்கு வாசலில் கால் வைக்க இடமில்லை. உள்ளே எட்டிப் பார்த்தார். ஒவ்வொரு அம்மா மடியிலும் அவரவர் பிள்ளை. ஆயா செய்வதற்கு ஒன்றுமில்லாமல் ஒரு மூலையில் சுண்டல் சட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

முதலில் அவருக்குப் புரியவில்லை. புரிந்ததும் குடையின் வளைந்த பிடியால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார், தோள் குலுங்கக் குலுங்க. "பெங்களூருக்குப் போற அப்பா அம்மாவோட பிள்ளைங்களுக்கு சென்டர். அப்பா அம்மா எல்லாம் இங்கயே உக்காந்துட்டா நான் எதம்மா அளக்கறது?"

யாருக்கும் சிரிப்பு வரவில்லை. அக்காதான் சொன்னாள், "லீவு போட்டோம் மேடம். இன்னிக்கி சம்பளம் கெடையாது."

அவர் சிரிப்பு அப்படியே நின்றது. "எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும்தான்."

பிறகு அவர் தரையில் உட்கார்ந்து பிள்ளைகளோடு சுண்டல் தின்றார். டேப்லெட்டைத் திறக்கவேயில்லை. போகும்போது என்னிடம், "நாள் சொல்லிட்டு வந்தது என் தப்பு. இனிமே சொல்லமாட்டேன்" என்றார். அது மன்னிப்பா மிரட்டலா என்று அன்று ராத்திரி அக்காவும் நானும் பேசி முடிவுக்கு வர முடியவில்லை.

சொல்லாமல்தான் வந்தார். நல்ல மழை நாள். பெங்களூர் ரயில் பங்காருபேட்டைக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டது என்று பஜாரில் பேச்சு. அதனால் கடைக்குக் கூட்டமில்லை, நான் சீக்கிரமே மூடிவிட்டு வந்தேன். வாசகசாலை முன்னால் ஒரு குடை நின்றுகொண்டிருந்தது. கதவில் பூட்டு.

ஆயா ஆண்டர்சன்பேட்டைக்காரி. கடைசி பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும். ரயில் லேட் என்றால் அக்கம்பக்கத்து வீடுகள் வந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகும், ஆயா பூட்டிவிட்டுக் கிளம்புவாள். எழுதாத ஏற்பாடு. நான் அவசரமாக அதைச் சொன்னேன். "லைன் பூரா ஒரே குடும்பம் மாதிரி மேடம். பசங்க எந்த வூட்லயாவது சாப்டுக்கினு இருப்பாங்க."

"எந்த வீட்ல?"

வீடு வீடாகப் போனோம். அக்கா பையன் பென்ஷன் தாத்தா வீட்டில் ரசம் சோறு தின்றுகொண்டிருந்தான். இரண்டு பிள்ளைகள் சர்ச்சுக்குப் போகிற வீட்டில் போர்வைக்குள் டிவி பார்த்துக்கொண்டிருந்தார்கள். கீரை ஆய்ந்த அம்மா வீட்டில் ஒரு பட்டாளமே இருந்தது. ஒவ்வொரு கதவு திறக்கும்போதும் எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. எந்த ஊரில் இப்படி நடக்கும்? முழு மார்க் என்று மனதுக்குள் போட்டே விட்டேன்.

திரும்ப வாசகசாலை முன்னால் வந்து நின்றோம். "ஆய்த்து. யாரு வரல?" என்றார்.

"அவ்ளோதான் மேடம். எல்லாரும் இருக்காங்க."

அவர் குடையைச் சாய்த்துப் படியோரம் காட்டினார். தாழ்ந்த கூரைக்குக் கீழே நனைந்த ஒரு ஜோடி நீலச் செருப்பு. ஒரு சாண் நீளம்கூட இராது.

"இது யாருது?"

குனிந்து கையில் எடுத்துப் பார்த்தேன். பிறகுதான் லைனின் கடைசி வீட்டுக்கு ஆந்திராப் பக்கத்திலிருந்து புதிதாகக் குடிவந்தவர்கள் ஞாபகம் வந்தது. ஒரு அம்மா, ஒரு பெண் குழந்தை. அம்மா பெங்களூரில் கார்மெண்ட்ஸில் தைக்கிறாள். தெலுங்குதான் பேசுவார்கள். நாங்கள் எல்லோரும் தெலுங்கு பேசுவோம், கடையில், பஸ்ஸில். அந்த வீட்டோடு மட்டும் இன்னும் பேச ஆரம்பிக்கவில்லை.

ஓடினோம். பூட்டிய கதவில் சாய்ந்து, பள்ளிப் பையைத் தலைமேல் வைத்துக்கொண்டு அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள். சாரல் கால்வரை அடித்துக்கொண்டிருந்தது. அழவில்லை. மேடம் புடவை நனைவதைப் பார்க்காமல் பக்கத்தில் உட்கார்ந்து, குடையை அவள் பக்கம் சாய்த்து, தெலுங்கில் ஏதோ கேட்டார். அவள் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு மெல்லச் சொன்னாள்.

"எவரூ பிலவலேது."

யாரும் கூப்பிடவில்லை.

ஒவ்வொரு வீடும் அடுத்த வீடு கூப்பிட்டிருக்கும் என்று நினைத்திருக்கிறது. ஒவ்வொரு பிள்ளையாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் போகப் போக, கடைசியில் இவள் செருப்பைக்கூட மாட்டாமல் ஓடிவந்திருக்கிறாள். கடைசியாகப் பிள்ளைகளைக் கூட்டிப்போன வீட்டுக்காரியோடு போய்விட்டாள் என்று ஆயா பூட்டியிருக்கிறாள். யாரும் தள்ளவில்லை. யாரும் கூப்பிடவில்லை, அவ்வளவுதான்.

விஷயம் பரவி லைனே அந்த வாசலுக்கு வந்துவிட்டது. துண்டு வந்தது, சோறு வந்தது, பால் வந்தது. அந்தப் பெண் எதையும் தொடவில்லை. மேடத்தின் முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஒருவழியாக ரயில் வந்து, நனைந்த கூட்டத்தில் அவள் அம்மாவும் என் அக்காவும் சேர்ந்தே வந்தார்கள். தன் வீட்டு முன்னால் கூட்டத்தைப் பார்த்து அந்த அம்மா போட்ட ஓட்டத்தை நான் மறக்கமாட்டேன். அக்காவும் கூடவே ஓடினாள், தன் பையனுக்கு என்னவோ என்று.

எல்லாம் அடங்கிய பிறகு மேடம் என்னிடம் வந்தார். "தம்பி, மறைச்சிப் பேச எனக்கு வராது. சென்டர் நேரத்துக்கும், தேவையான குடும்பத்துக்குப் போய்ச் சேருதான்றதுக்கும் கம்மியாத்தான் போடுவேன்."

"ஒரு பாப்பாவுக்காகவா மேடம்? மத்த எல்லாப் பசங்களையும் கண்ணால பாத்தீங்களே!"

"பாத்தேன். சென்டரே இல்லன்னாலும் அந்தப் பசங்களுக்கு அந்த வீடுங்க இருக்கும். சென்டர் மட்டுமே இருந்தது இந்தப் பாப்பாவுக்குத்தான்."

அக்கா குறுக்கே வந்தாள். "சென்டர மூடிட்டா என் வேலை போவும் மேடம். இதோ இவங்க வேலையும் போவும். அப்ப இந்தப் பாப்பாவுக்கு எந்த மார்க்கு சோறு போடும்?"

மேடம் அக்கா பக்கம் திரும்பினார். அவருக்கு அப்போது என்ன நியாயம் இருந்தது என்று எனக்கு இன்றைக்கும் முழுதாகத் தெரியாது. "எனக்கும் அந்த பயம் கீதும்மா," என்றார். எங்கள் பேச்சு அவர் வாயில் வந்தது அந்த ஒரு தடவைதான். "பொய்யா நல்ல மார்க் போட்டா இது இப்படியேதான் ஓடும். கம்மியாப் போட்டு, சரிபண்ண டைம் குடுங்க, மறுபடி அளக்கணும்னு எழுதறேன். உடனே மூடமாட்டாங்க. என் கையில அவ்வளவுதான் இருக்கு." அப்புறம் குடையை அந்த வீட்டு வாசலிலேயே மறந்துவிட்டு மழையில் போனார்.

அக்கா மூன்று நாள் அவரைத் திட்டினாள். நான்காம் நாள் ஞாயிறு. தெலுங்கு அம்மாவை வீட்டுக்குக் கூட்டிவந்து இட்லி வைத்துவிட்டு, பென்ஷன் தாத்தாவிடம் போனாள். "தாத்தா, நீ சொன்னியே டோக்கன் பலகை. அது மாதிரி ஒண்ணு நம்ம பசங்களுக்குச் செஞ்சி குடேன்."

தாத்தா எண்ணெய் டின் தகரத்தை வட்டமாக வெட்டினார். ஓரத்தை அரத்தால் ராவினார், பிள்ளைகள் கையைக் கிழிக்காமல். ஒரு பலகையில் ஆணிகள் அடித்து, ஆணிக்கு ஒரு தகர வில்லை, வில்லைக்கு ஒரு பெயர். எந்த வீடு பிள்ளையைக் கூட்டிப் போகிறதோ அந்த வீடு அந்த வில்லையையும் எடுத்துப் போய்த் தன் கதவில் மாட்ட வேண்டும்; மறுநாள் பிள்ளையே அதைக் கொண்டுவந்து பலகையில் மாட்டும். பலகையில் வில்லை மிச்சமிருந்தால் யாரும் கூப்பிடாத பிள்ளை ஒன்று இருக்கிறது. பலகை காலியாகாமல் பூட்டக்கூடாது. ஆயாவின் பஸ் நேரத்துக்கு முன் யாராவது ஒருவர் போய் நின்று பார்ப்பது என்று முறை வைத்துக்கொண்டோம். நீலச் செருப்புப் பாப்பாவின் வில்லைக்கு முதல் வாரம் சண்டையே நடந்தது. ஒரே வில்லையை மூன்று வீட்டுக் கைகள் பிடித்து இழுத்ததை நானே பார்த்தேன்.

மேடம் எழுதியபடியே அவகாசம் கொடுத்தார்கள். மறுபடி அளக்க ஆள் வந்தபோது நாங்கள் யாரும் லீவு போடவில்லை, வெள்ளை அடிக்கவில்லை. ஆனால் வந்தது மேடம் இல்லை. பைக்கில் ஒரு இளைஞர். நல்ல மாதிரிதான். மேடத்தை வேறு தாலூக்காவுக்கு மாற்றிவிட்டதாகச் சொன்னார். நேராக உள்ளே வந்து தலைகளை எண்ணினார், பலகையைப் போட்டோ எடுத்தார், "சூப்பர் ஐடியா, யாருது?" என்றார். ரயில் நேரம்வரை இருந்து, வீடுகள் ஒவ்வொன்றாக வந்து வில்லையை எடுத்துப் போவதைப் பார்த்தார். எல்லாவற்றுக்கும் முழு மார்க். சென்டர் தொடரும் என்று அங்கேயே சொல்லிவிட்டார். நான் அக்காவுக்குப் போன் செய்தேன். ரயில் சத்தத்தில் அவளுக்குக் காதில் விழவில்லை, மூன்று தடவை கத்த வேண்டியிருந்தது. அப்புறம் அவள் கத்தியது இங்கே எல்லோருக்கும் கேட்டது.

அவர் பைக்கை உதைக்கும்போது பென்ஷன் தாத்தா கிட்டே போனார். "சார், யாரு வரலன்னு நீ கேக்கலியே?"

அவர் சிரித்தார். "போர்டுதான் காலியா இருக்கே தாத்தா. எல்லாரும் வந்தாச்சே."

தெலுங்கு அம்மாவின் பெண் தன் வில்லையைக் கையில் பிடித்துக்கொண்டு, கீரை அம்மாவின் இடுப்பில் சாய்ந்து நின்றிருந்தாள். இதற்குள் அவளுக்கு எங்கள் தமிழ் வந்துவிட்டது.

"இல்ல. மார்க் மேடம் வரல," என்றாள்.

மறுநாள் தாத்தா இன்னொரு வில்லை வெட்டினார். அதில் பெயரில்லை. பலகையின் கடைசி ஆணியில் மாட்டி, அதன் கீழே மேடம் மறந்துவிட்டுப் போன குடையையும் தொங்கவிட்டார். அந்த ஒரு வில்லை மிச்சமிருக்கும்போதுதான் ஆயா தினமும் பூட்டுகிறாள். புதிதாக வேலைக்கு வந்த ஆயா முதல் நாள் பயந்துபோய் என் கடைக்குப் போன் செய்தாள். "எல்லா வூட்டுக்காரங்களும் வந்துட்டுப் போயிட்டாங்க. ஒரு வில்லை அப்படியே கீது, யாருதுன்னே தெரியல."

"பூட்டிக்கங்கம்மா," என்றேன். "அவங்க இன்னும் வரல."